நளீபா வீட்டு நல்ல தண்ணீர்

1997 மார்ச் 11, செவ்வாய்.
இன்று ஒரு பிழை விட்டேன். நான்கு கிணறுகளில் தண்ணீர் எடுத்த போத்தல்களுக்குப் பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டினேன். போத்தலின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும். சிறிய பிழை.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பேர்ணடெற் 'சிறிய' என்ற சொல்லை வெட்டினாள். பிறகு வேறு என்ன சொல் போடலாம் என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

கொட்டாஞ்சேனையில் அம்மாவோடு இருக்கிறவள் அவள். பகலில் கோட்டையில் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் தட்டச்சு. செவ்வாயும் வியாழனும் வேலை விட்டதும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய், ஒரு டியூட்டரியின் மேல்மாடியில் நீர்ப் பரிசோதனை வகுப்புப் படிக்கிறாள். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற ஆசையும், ஒழுங்காகத்தான் செய்தேனா என்ற சந்தேகமும் அவளுக்குக் கூடப் பிறந்தவை. கதவைப் பூட்டிவிட்டு குறுகிய ஒழுங்கையின் முனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற பெண். அப்படிப்பட்டவள்தான் சீட்டை மூடியில் ஒட்டினாள். மூடி காய்ந்திருந்தது, போத்தல் நனைந்திருந்தது. காரணம் அவ்வளவுதான்.

களனி ஆறு கடலோடு சேருகிற பகுதியில் நான்கு கிணறுகளைத் தெரிந்தெடுத்து, அந்தத் தண்ணீர் குடிக்க உகந்ததா என்று பார்த்து எழுத வேண்டும். வகுப்பில் கொடுத்த வேலை அது. முகத்துவாரத்தில் ஒன்று, மட்டக்குளியில் ஆற்றங்கரையோரம் ஒன்று, கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலுக்குப் பின்னால் சீனியம்மா வீட்டுக் கிணறு, அவர்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் நளீபா வீட்டுக் கிணறு. செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு, வெயிலில் நடந்து நான்கிலும் மொண்டு, பையில் நிறுத்தி வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துத் தமிழ்ப் பெண் என்று அறிந்ததும் பொலிஸ்காரப் பெண் பையைத் திறக்கச் சொன்னாள். உள்ளே ஒரே மாதிரி நான்கு போத்தல்கள், நான்கிலும் நிறமில்லாத ஏதோ ஒன்று. பார்க்கிறவர்களுக்கு நல்ல காட்சி இல்லைத்தான்.

"மே மொனவாத?" இதெல்லாம் என்ன என்று கேட்டாள்.

"லிங் வத்துர, மிஸ். பந்தியட்ட." கிணற்றுத் தண்ணீர், வகுப்புக்கு என்று பேர்ணடெற் சிங்களத்தில் சொன்னாள். கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு வகுப்புக்குப் போகிற பெண்ணை அந்த மிஸ் அதுவரை கண்டதில்லைப் போலும். நான்கு மூடிகளையும் திறந்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக மணந்து பார்த்தாள். பிறகு கைக்குக் கிடைத்த ஒரு போத்தலை நீட்டினாள்.

"பீலா பென்னன்ன."

குடித்துக் காட்டச் சொல்கிறாள். பேர்ணடெற் ஒரு மிடறு குடித்தாள். கரித்தது. முகம் தானாகச் சுளித்தது. அதைப் பார்த்துப் பொலிஸ்காரப் பெண் வாய்விட்டுச் சிரித்து, மூடிகளைத் தன் கையாலேயே போட்டுத் திருகிக் கொடுத்தாள். நல்ல மனுஷி. எந்த மூடி எந்தப் போத்தலுக்கு என்று பார்க்க அவளுக்கு என்ன அவசியம்?

வெள்ளவத்தைக்குப் போய்ப் போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்தபோதுதான் பேர்ணடெற் அதைக் கவனித்தாள். முகத்துவாரம் என்று சீட்டு ஒட்டிய மூடி போட்டிருந்த போத்தலின் அடியில் மட்டக்குளி ஆற்றங்கரை வண்டல் படிந்து கிடந்தது. மூடிகள் மாறிவிட்டன.

"என்னங்க, பேயைக் கண்டாப்புல நிக்கிறீங்க?" என்றான் அழகர். அவளோடு சேர்ந்து வேலை செய்யப் போட்டிருந்தவன் அவன். ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையில் தேத்தண்ணி போடுகிறான். வகுப்புக்கு வரும்போது அவனோடு சேர்ந்து ஏலக்காய் வாசமும் வரும்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் ஏசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சரி விடுங்க. உப்புத் தண்ணி ரெண்டு, நல்ல தண்ணி ரெண்டு. அதைப் பிரிச்சிரலாம்ல."

பிரித்தார்கள். உப்பைப் பார்க்கிற சோதனையில் இரண்டு போத்தல்கள் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன. மழையில்லாத மாதம், ஆற்று வாயில் கடல் தண்ணீர் மண்ணுக்கடியால் ஏறி வந்துவிடும். முகத்துவாரமும் மட்டக்குளியும் அவைதான். மிஞ்சிய இரண்டும் சீனியம்மாவும் நளீபாவும். எது எவருடையது என்பது மட்டும் தெரியாது.

அடுத்தது நைத்திரேற்று. தண்ணீரில் பொடியைப் போட்டுக் குலுக்கிக் காத்திருந்தால் இளஞ்சிவப்பு ஏறும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு நைத்திரேற்று. ஒரு போத்தலின் தண்ணீர் அப்படியே பளிங்காக நின்றது. மற்றது மெல்ல மெல்ல ஏறி, நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்காமல், செம்பருத்தி நிறத்துக்கே போய்விட்டது.

"ரோஸ் சர்பத்து," என்றான் அழகர். அவள் சிரிக்காததைக் கண்டு வாயை மூடிக்கொண்டான்.

வகுப்பெடுக்கிற நவரத்தினம் சேர் வந்து, குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எந்தக் கிணறு?"

"தெரியாது, சேர்."

"அப்ப உம்மட்ட முடிவு இருக்குது. கிணறு இல்லை."

மலக்குழிகளிலிருந்து மண்ணுக்குள் ஊறிக் கிணற்றுக்கு வருகிற சரக்கு அது. நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. இந்த அளவு பெரியவர்களைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்குப் போனால் இரத்தம் மூச்சைச் சுமக்காது, உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும். போன கிழமைதான் படித்திருந்தார்கள். இருந்தும் பேர்ணடெற் கேட்டாள்.

"கொதிக்க வைச்சுக் குடுத்தால் பிரச்சினை இல்லைத்தானே, சேர்?"

"கொதிச்சாக் கிருமி சாகும். இது கிருமி இல்லையே. தண்ணிதான் ஆவியாப் போகும், இது சட்டிக்குள்ளேயே இருக்கும். கூடக் கொதிக்கக் கொதிக்கக் கூடும்."

பேர்ணடெற் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நளீபா வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அவளுடைய மகன் மஹ்ரூப்பின் பிள்ளை மஷூர். பிறந்து நாற்பது நாள் முடிந்து இன்னும் சில நாட்கள்தான். மஹ்ரூப்பின் மனைவி லுத்பியா, பேர்ணடெற்றோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். பேறு முடிந்த கையோடு காய்ச்சல் வந்து அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளைக்கு மாப்பால். அதைக் கரைக்கிற தண்ணீரை நளீபா வேறு யாரையும் தொடவிடமாட்டாள். கிணற்றில் தானே மொண்டு, துணியில் வடித்து, ஒருமுறை கொதித்தால் போதாதென்று பிள்ளைக்காக மறுபடி மறுபடி கொதிக்க வைத்து, சட்டியில் பாதியாக வற்றிய பிறகுதான் இறக்குவாள். அதைப் பேர்ணடெற் தன் கண்ணால் பார்த்து, என்ன பாசம் என்று வியந்தும் இருக்கிறாள்.

"பாதிக்குப் பாதிங்க," என்றான் அழகர். "சீனியம்மா வீட்டுத் தண்ணியாவும் இருக்கலாம்."

"சீனியம்மா வீட்டில கைப்பிள்ளை இல்லை."

"அப்ப போய்ச் சொல்லிருங்க."

"பிழையா இருந்தால்?"

"பிழையா இருந்தா ஏசுவாங்க. எங்க கடையில மொதலாளிகிட்ட நான் தெனமும் வாங்குறேன். ஒரு சுத்து மெலிஞ்சா இருக்கேன், பாருங்க."

அன்று இரவே சொல்லிவிடத்தான் நினைத்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனால், நளீபாவின் ஒழுங்கை வாயில் இராணுவ வாகனம் குறுக்கே நின்றது. தேடுதல். அந்த ஒழுங்கையில் வசிக்கிறவர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. லுத்பியா வீட்டில் ரெலிபோனும் இல்லை. பேர்ணடெற் வீட்டுக்கு வந்து, பிழையை எழுதி, ஒரு சொல்லை வெட்டி, படுத்து, நித்திரை வராமல் கிடந்தாள்.

விடிந்ததும் வாகனம் போயிருந்தது. பேர்ணடெற் ஒரு கேத்தலில் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள்.

"அவையின்ர கிணத்தை அவைக்கே குறை சொல்லப் போறியோ?" என்றாள் அம்மா.

"ஓம்."

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியாது, அம்மா. அதைத்தான் சொல்லப் போறன்."

அந்தக் கிணற்றைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் பாதிக் கிணறுகள் கோடையில் கரிக்கும். நளீபாவுடையது கரித்ததே இல்லை. அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணிக்கு நிறமே வேறு என்பார்கள். கலியாணவீட்டுப் பிரியாணிக்குச் சமையல்காரர் அங்கேதான் ஆள் அனுப்புவார். 'கிணறு இருக்கக் குழாய் எனத்துக்கு' என்று நளீபாவின் கணவர் தாம் இருந்த காலத்தில் நகரசபைக் குழாயே எடுக்கவில்லை. ஒழுங்கை முழுக்க வாளியோடு வரும். நளீபா யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. வடக்கில் சண்டை முற்றி ஆட்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது, பின்வளவில் இரண்டு அறை போட்டு இரண்டு குடும்பங்களுக்கு இடம் கொடுத்தாள். அவர்களுக்கென்று ஒரு மலசலகூடமும் கட்டினாள். அதன் குழி கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கிற நேரமாகவும் அது இருக்கவில்லை. ஆட்கள் பெட்டியோடு வாசலில் நின்றார்கள்.

"எனத்த மகள், காலங்காத்தால கேத்தலோட?" கதவைத் திறந்தது நளீபாதான். "ஒங்கட வீட்டுல தேயில முடிஞ்சா?"

"இல்லை, மாமி." லுத்பியா கூப்பிடுவதைப் பார்த்துப் பேர்ணடெற்றும் அவளை மாமி என்றுதான் கூப்பிடுவாள். "பிள்ளை எழும்பிட்டாரோ?"

"இந்தா, தண்ணி கொதிக்கிது. பால் கரைக்கப் போறன்."

அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. லுத்பியா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பேர்ணடெற் முதலில் பிள்ளையின் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தாள். நாற்பதாம் நாளுக்குப் போட்ட மருதோன்றி இன்னும் போகவில்லை. நகம் எல்லாம் செம்மண் நிறம். உதட்டைப் பார்த்தாள். நீலமில்லை என்றுதான் பட்டது. விளக்கு வெளிச்சத்தில் எதை நம்புவது?

"எனத்தடி இது, சந்தைல மீன் பாக்குறாப்பல பாக்கிறாய்?" என்றாள் லுத்பியா.

பேர்ணடெற் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசனங்களெல்லாம் கலைந்துபோயின. "மாமி, அந்தத் தண்ணியில இண்டைக்குப் பால் கரைக்க வேண்டாம்," என்றாள். பிறகு முன்னுக்குப் பின்னாக எல்லாவற்றையும் சொன்னாள்: மூடி, பொலிஸ்காரப் பெண், சிவந்த குழாய், குழி, கொதிக்கிற தண்ணீர். தன் பிழையைச் சொல்லும்போது மட்டும் குரல் தெளிவாக இருந்தது.

நளீபா அடுப்பைத் தணிக்கவில்லை. "அப்ப எங்கட கெணறு எண்டு நிச்சயமில்ல."

"இல்லை, மாமி. ரெண்டில ஒண்டு."

"சீனியம்மாட கெணறா ஈக்கலாம்."

"ஓம், இருக்கலாம்."

"நிச்சயமில்லாம எனக்கிட்ட வந்து செல்லுறாய். இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் மஹ்ரூப் வளந்த. நீயும் குடிச்சுத்தான் ஈக்கிறாய். ஸ்கூல் விட்டு வந்தா நேரா கெணத்தடிதானே நீயும் லுத்பியாவும்."

"அப்ப அந்தக் குழி இல்லை, மாமி."

அது சொல்லக்கூடாத சொல். நளீபாவின் முகம் மூடிக்கொண்டது. "வந்த ஆக்கள நான் ரோட்டுலயா விட?"

"அப்பிடிச் சொல்லேல்லை, மாமி."

"மாமி," என்றாள் லுத்பியா. பிள்ளை அவள் தோளைச் சப்பத் தொடங்கியிருந்தான். "இவள எனக்குச் சின்னதுல ஈந்தே தெரியும். சீப்புக்கும் பேர் எழுதி ஒட்டுறவ. நிச்சயமில்லாம வாயத் தொறக்காத மனுஷி இண்டைக்கு நிச்சயமில்லாம வந்தீக்கிறா. அப்ப பயந்துதான் வந்தீக்கிறா." அவள் கையை நீட்டினாள். "கேத்தலத் தாடி."

"அது மருந்து நாறுற குழாய்த் தண்ணி," என்றாள் நளீபா.

"நாறட்டும்."

பிள்ளை பசியில் வீறிட்டான், அதோடு வாதம் முடிந்தது. நளீபா பழைய சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கேத்தலை வாங்கி, அதைத் தானே அடுப்பில் ஏற்றினாள்.

"கொதிச்சவுடன எறக்கோணுமா?"

"ஓம், மாமி. கொஞ்சம் கொதிச்சாப் போதும்."

"அதயாவது ஒழுங்காச் செல்லு," என்றாள் நளீபா, முகத்தைத் திருப்பாமலே. அவளாகவே ஒரு போத்தலைக் கழுவிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மொண்டு வந்து பேர்ணடெற்றின் கையில் வைத்தாள். "இது எங்கட. என்ட கையால குடுத்தது. இனிப் பொலிஸ்காரிய ஒண்டும் செல்ல ஏலா."

அன்று பகலில் லுத்பியா பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோனாள். பேர்ணடெற் கந்தோரிலிருந்து வந்து கேட்டபோது, பயப்பட ஒன்றுமில்லை, கிணற்றுத் தண்ணீரை நிறுத்தினது நல்லதுதான், பிள்ளையின் நிறத்தில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னாள். நளீபா வெளியே வரவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிடக் கூடவே கேட்டது.

வியாழக்கிழமை சீனியம்மா வீட்டிலும் ஒரு போத்தல் எடுத்தாள். பெரிய எழுத்தில் எழுதி, போத்தலைச் சுற்றி இரண்டு தரம் ஒட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனாள். அழகர் நேரத்தோடு வந்து, குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். மேசையில் ஒரு பிளாஸ்கும் இருந்தது.

"தேத்தண்ணிங்க. காத்திருக்கிற நேரத்துக்கு."

"இஞ்ச குடிக்கக் கூடாது. ஆய்வுகூடம்."

"அதான் ஜன்னல்கிட்ட வச்சிருக்கேன். அங்கன வெளிக் காத்து. சட்டத்துல வராது."

பொடியைப் போட்டுக் குலுக்கிவிட்டு இருவரும் ஜன்னலடியில் நின்றார்கள். கீழே காலி வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எது சிவக்க வேண்டும் என்று தான் விரும்புகிறாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை. நளீபாவின் தண்ணீர் தெளிந்திருந்தால் ஒரு கிழவியின் மனதை வீணாக நோகடித்தவளாவாள். சிவந்தால் அந்தக் கிணறு போயிற்று.

"எதுங்க வேணும் உங்களுக்கு?" என்று அவன் கேட்டான், அவள் மனதுக்குள் எட்டிப் பார்த்தவன் போல.

"பிழைவிட்டவளா இருக்கிறதுதான் நல்லம்."

"அப்ப நல்ல ஆளுதான் நீங்க," என்று சொல்லிவிட்டு, அவன் தேத்தண்ணியை ஊதிக் குடித்தான். அவளுக்குக் காது சூடாயிற்று.

திரும்பிப் பார்த்தபோது சீனியம்மாவின் குழாய் பளிங்காக இருந்தது. நளீபாவின் குழாய் சிவந்துவிட்டது. இரண்டாம் முறையும் செய்து பார்த்தார்கள். அதே சிவப்பு.

இந்த முறை ஒழுங்கை வாயில் யாரும் மறிக்கவில்லை. இரவு இஷாத் தொழுகை முடிந்து நளீபா முன்னறையில் பேரனை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பேர்ணடெற் வாசலிலேயே நின்றாள்.

"வா, உள்ளுக்கு வா. மொகமே செல்லுது." நளீபா அவளை உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். "எங்கடதானே?"

"ஓம், மாமி."

நளீபா பிள்ளையின் கால்களைப் போர்வைக்குள் இழுத்து மூடினாள். நெடுநேரம் அந்தப் போர்வையையே சரிசெய்துகொண்டிருந்தாள். "என்ட கையாலதானே," என்றாள் கடைசியில். "வத்த வத்தக் கொதிக்க வெச்சு."

படித்த பாடத்தில் இதற்கு ஒன்றும் இல்லை. பேர்ணடெற் எழுந்து போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள். "ருசியில தெரியாது, மாமி. எனக்கே தெரியேல்லை. பாருங்கோ, நல்லா இருக்கிறார். உங்களைத்தான் பார்த்துச் சிரிக்கிறார்."

"வாயுவுக்குச் சிரிக்கிறான்," என்றாள் நளீபா. ஆனாலும் குனிந்து பார்த்தாள்.

லுத்பியா மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தாள். எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை.

"குளிக்க, உடுப்புக் கழுவ அந்தக் கெணறு ஆகுமா?" நளீபாதான் மறுபடி தொடங்கினாள்.

"ஓம், மாமி. அதுக்கு ஒண்டுமில்லை. மஹ்ரூப் நானா குழாய்க்கு எழுதிப் போடட்டும். குழியைத் தூர மாத்தினால், ரெண்டு மழைக்காலம் போக, திரும்பப் பார்க்கலாம்."

"அது பொறகு." நளீபா பிள்ளையைத் தோளுக்கு மாற்றினாள். "முன்வீட்டு வெள்ளையம்மாட மகள் முழுகாம ஈக்கிறா, இது ஏழாம் மாசம். மூலை வீட்டு ஷபீகாட புள்ளக்கி மூணு மாசம். அவங்கெல்லாம் எங்கட தண்ணிதான் அள்ளுற. நாந்தான் எடுங்கோ எடுங்கோ எண்டு குடுத்த." மூச்சை இழுத்துக்கொண்டாள். "வேற ஆரும் போய்ச் செல்லப்படாது. நாந்தான் செல்லோணும். எனக்கு அந்தப் பேர் வாய்ல வராது, நைத்திரி எண்டு எனத்தயோ. நீ பக்கத்துல நில்லு."

"நிக்கிறன், மாமி."

"வேலைக்குப் போக முந்தி வா. சுணங்காத."

1997 மார்ச் 13, வியாழன்.
நளீபா மாமியின் கிணற்றுத் தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு உகந்ததல்ல. இரண்டு முறை பார்த்தேன்.
நாளை காலை ஆறு மணிக்கு மாமியோடு முதலில் ஷபீகா வீட்டுக்கும், பிறகு வெள்ளையம்மா வீட்டுக்கும் போக வேண்டும். மாமி சொல்வார். கேட்டால் மட்டும் நான் விளக்க வேண்டும்.